பெயரில் ஒரு 'பி' இருந்தால் பிரபு வம்சமா?

வாசகர் கேள்வி: பிரான்ஸில் அமியான் நகரத்தில் இருக்கிறேன். கணவர் பிரெஞ்சுக்காரர், குடும்பப் பெயர் லெஃபெவ்ர். எல், ஈ, எஃப், ஈ, பி, வி, ஆர், ஈ என்று நடுவில் வாயில் வராத ஒரு பி-யை வைத்து எழுதுவார்கள். மகளைப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். பி உள்ளவர்கள் பிரபு வம்சம், பி இல்லாத லெஃபெவ்ர்கள் வெறும் கொல்லர்கள் என்கிறார் மாமியார். ஆனால் கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய திருமணப் பதிவில் 'லெஃபெபூர்' என்று இருக்கிறது. துலூஸ் பக்கம் இருக்கும் ஃபாப்ர் என்ற நண்பர் குடும்பம் "நாமெல்லாம் ஒரே வம்சம்" என்கிறது. இணையத்தில் ஒரு கடை 'லெஃபெவ்ர் குடும்பச் சின்னம்' என்று சட்டம் போட்ட படத்தை 90 யூரோவுக்கு விற்கிறது, கணவருக்கு அதில் ஆசை. டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார். எது உண்மை, எங்கிருந்து தேடுவது?

பதில்:

வணக்கம். முதலில் அந்த 90 யூரோவைக் கொடுத்துவிடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாமியார் சொன்னதிலிருந்து ஆரம்பிப்போம்.

பெயரின் பொருளில் எந்தச் சந்தேகமும் இல்லை. பழைய பிரெஞ்சில் 'ஃபெவ்ர்' என்றால் கொல்லர். லத்தீனில் 'ஃபாபெர்' என்று இருந்தது வடக்குப் பிரான்ஸ் மக்களின் வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. பிறகு கொல்லருக்கு வேறு சொல் வந்துவிட, பழைய சொல் பொற்கொல்லரைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' என்ற சொல்லுக்குள்ளும் இந்தக் குடும்பப் பெயர்களிலும் மட்டும் தங்கிவிட்டது. ஆக, பி உள்ள லெஃபெவ்ர், பி இல்லாத லெஃபெவ்ர், லெஃபெபூர் மூன்றுமே கொல்லர்தான், இதில் மேல் கீழ் கிடையாது.

அப்படியானால் அந்த பி எங்கிருந்து முளைத்தது? எழுத்தர்களின் வேலை. இடைக்காலத்தின் கடைசியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் பிரெஞ்சு எழுதியவர்களுக்கு, சொல்லின் லத்தீன் மூலத்தை எழுத்தில் காட்டிவிட வேண்டும் என்று ஒரு மோகம் இருந்தது. 'ஃபாபெர்' என்பதில் பி இருக்கிறதே, அதைப் பிரெஞ்சுப் பெயரிலும் செருகு, யாரும் உச்சரிக்காவிட்டால் என்ன! காய்ச்சல், கடமை என்ற சாதாரணச் சொற்களுக்குக்கூட அந்தக் காலத்தில் இப்படி ஊமை பி வைத்து எழுதினார்கள், பிறகு அகராதிக்காரர்கள் அவற்றைத் திருத்திவிட்டார்கள். பெயர்களைத் திருத்த யாரும் இல்லை, அதனால் உங்கள் கணவர் பெயரில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் சொல்வார்கள், எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். அந்த நாளில் யு, வி இரண்டும் தனித்தனி எழுத்து இல்லை. சொல்லின் முதலில் வந்தால் வி வடிவம், நடுவில் வந்தால் யு வடிவம், உச்சரிப்பு எதுவாக இருந்தாலும் சரி. ஆகவே இந்தப் பெயரை எழுதினால் நடுவில் யு-தான் தெரியும். வாசிப்பவன் அதை 'வ' என்று சொல்வதா 'ஊ' என்று சொல்வதா என்று குழம்பாமல் இருக்க முன்னால் ஒரு பி-யைப் போட்டால், பின்னால் வருவது மெய்யெழுத்து, 'வ' என்றே படி என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் யு-வும் வி-யும் பிரிந்த பிறகு பழைய பதிவைப் பார்த்தவர்கள் அதில் இருந்த பி-யையும் யு-வையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள், லெஃபெபூர் என்று ஒரு புதுப் பெயரே பிறந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் பதிவில் நீங்கள் பார்த்தது அதுதான். வேறு குடும்பமோ தத்துப் பிள்ளையோ என்று பயப்பட வேண்டாம்.

சரி, பிரபு விஷயம். மாமியாரிடம் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். 1660களில் பதினான்காம் லூயி தன் நிதி அமைச்சர் ஃபூக்கே மீது வழக்கு நடத்தியபோது, அறிக்கை சமர்ப்பித்த நீதிபதிகளில் ஒருவர் ஒலிவியே லெஃபெவ்ர் தோர்மெசோன். மரண தண்டனை வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு வளையாமல் நாடு கடத்தினால் போதும் என்று நின்றவர். நீதித்துறைப் பதவிகள் வழியாக உயர்ந்த உண்மையான பிரபு குடும்பம், நம் காலத்து எழுத்தாளர் ழான் தோர்மெசோன்கூட அந்த வம்சம்தான். அவர்கள் பெயரில் பி கிடையாது!

அடுத்து நெப்போலியனின் மார்ஷல் லெஃபெவ்ர். இவருக்கு பி உண்டு. 1755ல் அல்சாஸில் ரூஃபாக் என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது சார்ஜென்ட். அதன் பிறகுதான் ஏற்றம்: 1804ல் மார்ஷல், 1807ல் டான்சிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்ததற்காக டான்சிக் கோமகன் பட்டம். மனைவி கேத்தரின் சலவைத் தொழிலாளியாக இருந்தவர், அரசவைக்குப் போன பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளாததால் பாரிஸ் முழுக்கப் பிரபலம். பிள்ளைகள் எல்லாரும் மார்ஷலுக்கு முன்பே இறந்துவிட்டதால் 1820ல் அவரோடு பட்டமும் முடிந்தது. எனவே "நாங்கள் அந்த மார்ஷலின் நேர் வாரிசு" என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிரபு வம்சத்துக்கு பி இல்லை, பி இருந்தவர் பிரபுவாகப் பிறக்கவில்லை, இதற்கு மேல் அந்தக் கதையில் பிழைக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஆளின் பெயரே நிலையாக இல்லாத காலம் அது. சவோயில் 1506ல் பிறந்த ஒரு பாதிரியாரை ஊர்க்காரர்கள் ஃபாவ்ர் என்றார்கள், பாரிஸில் லெஃபெவ்ர், லத்தீனில் ஃபாபெர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்குப் பீட்டர் ஃபேபர் என்றால் தெரிந்திருக்கும்: முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரோடு பாரிஸ் சேன்த் பார்ப் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர், 2013ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மூன்று பெயர், ஒரு மனிதர். உங்கள் அமியானுக்கு வடக்கே எதாப்ள் ஊரில் பிறந்து விவிலியத்தைப் பிரெஞ்சில் தந்த ழாக் லெஃபெவ்ரும் லத்தீன் நூல்களில் ஃபாபெர் என்றே கையெழுத்திட்டார்.

இப்போது அந்தக் குடும்பச் சின்னம். சின்னம் என்பது குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் உரியது, பெயருக்கு உரியது இல்லை. லெஃபெவ்ர் என்ற பெயருக்கு ஒரு சின்னம் என்று எதுவும் இருக்க முடியாது, இருந்தால் வெவ்வேறு லெஃபெவ்ர்களுடைய பத்து இருபது சின்னங்கள் இருக்கும். அந்தக் கடை ஏதோ ஒரு பழைய பதிவேட்டிலிருந்து ஒன்றை எடுத்து அச்சடித்து விற்கிறது. அந்தப் பதிவேட்டின் கதையே வேடிக்கை. 1696ல் பதினான்காம் லூயிக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. சின்னம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும், தனி ஆளுக்கு 20 லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) கட்டணம் என்று உத்தரவு போட்டார். பிரபுக்கள் மட்டும் பதிந்தால் கஜானா நிரம்பாதே, அதனால் கடைக்காரர், மருத்துவர், எழுத்தர் என்று கொஞ்சம் வசதியுள்ளவர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். தானாக வராதவர்களுக்கு அதிகாரிகளே ஒரு சின்னத்தைத் தயாரித்துத் தலையில் கட்டிப் பணம் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் இப்படிப் பதிவாயின. ஆக, அந்தப் படத்தில் இருப்பது உண்மையான பழைய சின்னமாகவே இருந்தாலும், 300 வருடத்துக்கு முன்னால் 20 லிவ்ர் வரி கட்டிய யாரோ ஒரு லெஃபெவ்ரின் ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்காகச் சுவரில் மாட்டுவதென்றால் உங்கள் இஷ்டம், மகளின் கட்டுரையில் மட்டும் போட வேண்டாம்.

துலூஸ் நண்பர்களுக்கு வருவோம். ஃபாப்ர் என்பதும் கொல்லர்தான், அது வரை அவர்கள் சொல்வது சரி. அதே லத்தீன் சொல் பிரான்ஸின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு விதமாகத் திரிந்தது. தெற்கே லாங்தோக்கில் ஃபாப்ர், பூச்சிகளைப் பற்றி எழுதிய ழான் ஆன்ரி ஃபாப்ர் அந்தப் பக்கத்து ஆள். தோஃபினே, லிமூசேன் பக்கம் ஃபோர். சவோயில் ஃபாவ்ர். கிழக்கே ஃபிரான்ஷ் கோந்தேயில் ஃபெவ்ர் என்று கேட்கும், எழுத்து வேறு. மேற்கே லெஃபோவ்ர். பிரித்தானியில் அவர்கள் மொழியிலேயே லெ கோஃப், ஜெர்மன் பேசிய அல்சாஸில் ஷ்மித், பொருள் எல்லாம் ஒன்றே. முன்னால் 'லெ' ஒட்டுவது பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு வழக்கம், தெற்கில் அது அரிது. ஒரு பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே குடும்பம் ஏறக்குறைய எந்தப் பக்கத்தது என்று ஊகிக்கலாம். லெஃபெவ்ர் பி-யோடு நிறைய இருப்பது நோர், பா தெ கலே, சோம் மாவட்டங்களில், அதாவது நீங்கள் இருக்கும் இடமே அதன் சொந்த ஊர்.

ஆனால் ஒரே பொருள் என்பதால் ஒரே வம்சம் ஆகிவிடுமா? இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். 11, 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஒருவருக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான், அதுவும் பாதிப் பேர் ழான், பியேர், கியோம். மக்கள் தொகை பெருகி, காடுகளை வெட்டி ஊர்கள் நிறைய, "எந்த ழான்?" என்று கேட்க வேண்டி வந்தது. ஆற்றோரத்து ழான், குட்டை ழான், கொல்லர் ழான். ஊர் முழுக்க உழவர்களாக இருக்கும்போது ஒருவரை உழவர் என்று அழைத்துப் பிரயோஜனம் இல்லை. கொல்லரோ ஊருக்கு ஒருவர். கலப்பைக் கொழு, லாடம், அரிவாள், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் அவர் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அதனால் அடையாளம் சொல்ல அதைவிட வசதியான பெயர் இல்லை. 1292ஆம் ஆண்டின் பாரிஸ் வரிப் பட்டியலைப் பார்த்தால் ஆள் பெயருக்குப் பக்கத்திலேயே தொழிலும் இப்படி ஒட்டியிருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல அது பிள்ளைக்கும் ஒட்டியது, மகன் நெசவு செய்தாலும் பெயர் லெஃபெவ்ர்தான். ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான கொல்லர்களிடமிருந்து இந்தப் பெயர் தனித்தனியாகக் கிளம்பியது. பிரான்ஸின் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் அது வருவதற்கு இதுதான் காரணம். துலூஸ்காரர்கள் நல்ல நண்பர்களாக இருக்கட்டும், சொந்தக்காரர்கள் ஆக அவர்கள் காகிதம் காட்ட வேண்டும். உங்கள் தெருவிலேயே இருக்கும் இன்னொரு லெஃபெவ்ருக்கும் இதே விதிதான்.

டிஎன்ஏ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரான்ஸில் வம்சம் தேடுவதற்காக இப்படித் தனியார் பரிசோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. பலர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் செய்துகொள்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அதற்காக நான் அதைச் சிபாரிசு செய்ய முடியாது. தவிர, பிரான்ஸில் காகிதங்கள் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்ப என்ன அவசியம்?

காகிதம் என்றால் எப்படி என்று கேட்பீர்கள். கணவரிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். எங்கோ புகழ்பெற்ற ஒரு லெஃபெவ்ரைப் பிடித்து அங்கிருந்து கீழே இறங்கி வருவது கூடவே கூடாது, விற்பனைத் தளங்கள் செய்யும் தில்லுமுல்லு அதுதான். வீட்டில் 'லிவ்ரே தெ ஃபாமீய்' என்ற குடும்பக் கையேடு இருக்கும், மாமனாருடையதையும் அவர் அப்பாவுடையதையும் கேட்டு வாங்குங்கள். 1871 மே மாதம் பாரிஸ் நகராட்சி மாளிகை எரிந்தபோது அங்கிருந்த பிறப்பு, திருமணப் பதிவேடுகள் எல்லாம் சாம்பலாகின, அந்த அனுபவத்துக்குப் பிறகு 1877லிருந்துதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு கையேடு தர ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பத்தின் எழுத்து ஒரே மாதிரியாக உறைந்து போனதற்கு இந்தக் கையேடும் பெரிய காரணம். 1794ல் புரட்சி அரசு, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் பதிவு எழுதுபவர் பி-யை விழுங்கிவிட்டால் சட்டம் என்ன செய்யும்.

கையேட்டில் கிடைத்த ஊர்ப் பெயரையும் தேதியையும் வைத்து நகராட்சியில் பதிவின் முழுப் பிரதி கேளுங்கள், காசு கிடையாது. 75 வருடங்களுக்கு மேற்பட்ட பிறப்பு, திருமணப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சோம் மாவட்ட ஆவணக் காப்பகம் உங்கள் அமியானிலேயே இருக்கிறது, அதன் இணையதளத்தில் பழைய பதிவேடுகளின் படங்களையும் இலவசமாகப் புரட்டலாம். தேதி சரியாகத் தெரியாவிட்டால் பத்து வருடத்துக்கு ஒரு அட்டவணை உண்டு, அதில் பெயர் வரிசைப்படி தேடலாம். அங்கே எல், ஈ, எஃப், ஈ என்று ஆரம்பிக்கும் எல்லாவற்றையும் பாருங்கள், லெ தனியாக, ஃபெவ்ர் தனியாக எழுதியதையும் சேர்த்து.

பிறப்புப் பதிவைவிடத் திருமணப் பதிவைத் துரத்துங்கள். அதில்தான் இரு பக்கத்துப் பெற்றோர் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் கொட்டிக் கிடக்கும், ஒரு தலைமுறை மேலே ஏற அது ஒன்றே போதும். 1897க்குப் பிறகு பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அவர் யாரை எங்கே மணந்தார் என்று குறித்துவிடுவார்கள், ஓரக் குறிப்பைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஆண்கள் என்றால் ராணுவப் பதிவேட்டையும் பாருங்கள், உயரம், கண் நிறம், முன்பு செய்த தொழில் வரைக்கும் இருக்கும். மகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், பாருங்கள்.

1792 செப்டம்பருக்கு முன்னால் போனால் நகராட்சி கிடையாது, தேவாலயப் பதிவேடுதான். 1539ல் முதலாம் ஃபிரான்சுவா வில்லேர் கோத்ரேவில் போட்ட உத்தரவுப்படி பாதிரியார்கள் ஞானஸ்நானத்தைப் பதிய ஆரம்பித்தார்கள், 1667லிருந்து இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தது. இந்த இரண்டாவது பிரதிதான் உங்கள் மாவட்டத்துக்குக் காப்பு: 1916ல் சோம் போர்க்களத்தில் தரைமட்டமான ஊர்களில் ஊர்ப் பிரதி போயிருந்தாலும் நீதிமன்றப் பிரதி பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. இடையில் புரட்சி நாட்காட்டி ஒரு பன்னிரண்டு வருடம் குறுக்கே வரும், நிவோஸ், ஃப்ளோரேயால் என்று மாதப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம், இணையத்தில் மாற்றிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார், அப்பாவுக்கோ கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் லெஃபெபூர், கல்யாணத்தில் பி-யோடு லெஃபெவ்ர், அடக்கத்தில் பி இல்லாமல் லெஃபெவ்ர் என்று மூன்று விதமாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எழுத்தை வைத்து ஆளை ஒதுக்காமல், மனைவி பெயர், ஊர், தொழில் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இதைப் படிக்கும் புதுச்சேரிக் குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர்களிடமிருந்தும் இதே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. உங்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயருக்குப் பெரும்பாலும் பிரான்ஸில் வேர் தேட வேண்டியதில்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனது அப்படித்தான். அந்தப் பதிவுதான் உங்கள் பெயரின் தொடக்கம், அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தமிழ்ப் பெயரில் தேடுங்கள்.

உங்கள் மகளுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு வரை போக வேண்டும் என்று அடம் பிடிக்காமல், கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு, அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு, இந்த இரண்டையும் பிடித்தால் பள்ளிக் கட்டுரைக்குத் தாராளம். லெஃபெபூர் எந்தத் தலைமுறையில் லெஃபெவ்ர் ஆனது என்று அவளே கண்டுபிடிக்கட்டும், கீழே இருக்கும் கையெழுத்தில் குடும்பத்தினர் தங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள், எழுத்தர் மேலே எழுதியதும் அவர்கள் கீழே போட்டதும் பல நேரம் ஒத்துப்போகாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு ழான் லெஃபெவ்ர் வந்து நின்றால் ஞானப் பெற்றோர் யார், திருமணச் சாட்சிகள் யார் என்று குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், பிரித்துப் பார்க்கலாம். மாமியாரிடம் பேசும்போது மட்டும் அந்த நீதிபதி கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள், மார்ஷலில் ஆரம்பியுங்கள்.